தம்பியின் முழங்கால்

உயர்தர வகுப்பில் விலங்கிழையங்களைக் கற்பிக்கும்போது கசியிழையத்துக்கு நான் ஒதுக்குவது ஒரு பாடவேளைதான். தமிழ்நாட்டில் இதைக் குருத்தெலும்பு என்பார்கள். அதற்குள் குருதிக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, போசணை எல்லாம் சுற்றியிருக்கும் பாய்மத்திலிருந்து ஊறித்தான் உள்ளே போகவேண்டும், ஆகையால் சேதமானால் தன்னைத் திருத்திக்கொள்ளும் வல்லமை மிகக் குறைவு என்று சொல்லிவிட்டு என்புக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் குறித்துக்கொள்வார்கள். அந்த வசனத்தின் பாரம் எனக்கு 2023 இல்தான் தெரிந்தது, என் தம்பியின் இடது முழங்காலில்.

அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. பகலில் வங்கியில் வேலை, பின்னேரமானால் பந்து. யாழ்ப்பாணத்தில் குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று உதைபந்தாட்டத்தாலேயே பெயர் வாங்கிய ஊர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அவன் அந்தப் பைத்தியத்தோடேயே வளர்ந்தவன். ஒரு போட்டியில் பந்தை வெட்டித் திரும்பும்போது கால் நிலத்தில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. வீங்கியது, ஐஸ் வைத்தோம், கட்டுப் போட்டோம், வீக்கம் வற்றியது. நடந்தான், வேலைக்கும் போனான். ஆனால் படி இறங்கும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

"அக்கா, உள்ளுக்குள்ள என்னவோ கொழுவுது" என்றான் ஒருநாள்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டொக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பித்தார். மூட்டைப் பிணைக்கும் இணையங்களுக்குச் சேதம் இல்லை, இடையில் இருக்கும் பிறைவடிவச் சவ்வும் கிழியவில்லை. தொடையெலும்பின் கீழ்முனையில், உட்பக்கக் குமிழில், பாரம் தாங்கும் இடத்திலேயே கசியிழையம் எலும்பு தெரியுமட்டும் பெயர்ந்திருந்தது. "ஸ்கான் மூண்டு சதுர சென்ரிமீற்றர் காட்டுது. திறந்து பாத்தால் இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்றார் டொக்டர். அந்தப் பரப்பளவை நினைவில் வைத்திருக்கச் சொன்னார். யார் என்ன வைத்தியம் சொன்னாலும் அது இந்த அளவுக்குப் பொருந்துமா என்று முதலில் கேட்கவேண்டுமாம். பிறகு நடந்த எல்லாவற்றிலும் எங்களுக்கு வழிகாட்டியது அந்த ஒரு புத்திமதிதான்.

அன்றிரவிலிருந்து நான் வாசிக்கத் தொடங்கினேன். லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற உடற்கூற்றியலாளர் 1743 இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையிலேயே, அழிந்த மூட்டுக் கசியிழையம் மீள்வதில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 1980களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற எலும்பு டொக்டர் ஒரு வழி கண்டார். சேதமான இடத்தைத் துப்புரவாக்கி, அடியிலிருக்கும் எலும்பில் நுண்ணிய துளைகள் இடுவார். எலும்பு மச்சையிலிருந்து குருதி கசிந்து உறையும், அந்த உறைவு மெல்ல மெல்ல இழையமாகும். செலவு குறைவு, ஒரே ஒப்பரேசன். ஆனால் அப்படி வளர்வது மூட்டில் முன்பு இருந்த வழுவழுப்பான கசியிழையம் அல்ல, நார்க் கசியிழையம். சிறிய சேதத்துக்கு அது போதும். பெரிய பரப்பில் சில வருடங்களில் தேய்ந்துவிடக்கூடும். ஹங்கேரியில் லாஸ்லோ ஹங்கோடி 1992 இல் வேறொரு வழியைத் தொடங்கினார். அதே மூட்டில் பாரம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளாகக் கசியிழையத்தை எடுத்துச் சேதமான குழியில் அறைந்து இறுக்குவது. அதற்கும் அளவு ஒரு தடை, எடுக்கிற இடத்திலும் புண் வருமல்லவா?

மூன்றாவது வழி சுவீடனில் கோதன்பர்க் நகரத்தில் பிறந்தது. நோயாளியின் சொந்தக் கசியிழையத்தில் ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள கலங்களை ஆய்வகத்தில் பெருக்கி, சில வாரங்களின் பின் திரும்ப அதே முழங்காலில் வைப்பது. மட்ஸ் பிரிட்பேர்க், லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் 1987 இல் முதன்முதலாகச் செய்து, 1994 இல் 23 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்த வைத்தியத்தை ஏற்கலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017 இல் இந்த முறையை ஏற்றபோது வைத்த நிபந்தனைகளை நான் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். சேதம் இரண்டு சதுர சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கவேண்டும், மூட்டுத் தேய்மானம் பெரிதாக இருக்கக்கூடாது, அந்த இடத்தில் முன்பு கசியிழையத்தைத் திருத்தும் ஒப்பரேசன் செய்திருக்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எங்களைப் போல ஒருமுறை செலவழிக்க மட்டும் வசதியுள்ளவர்களுக்கு மிக முக்கியம். "முதலில் மலிவானதைச் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் பெரிதுக்குப் போவோம்" என்று சொந்தக்காரர் எல்லோரும் சொன்னார்கள். எலும்பில் துளையிட்ட இடத்தில் பிறகு வைக்கும் கலங்கள் அவ்வளவாக நிலைப்பதில்லை என்பதை அவர்களுக்கு விளக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வடக்கில் இந்தக் கல வைத்தியம் செய்யும் இடம் தனக்குத் தெரிந்து இல்லை என்றார் எங்கள் டொக்டர். கொழும்பை விசாரித்தோம், பிறகு சென்னை. 2022 டிசம்பரில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தது. மொழிக் கஷ்டமும் இல்லை. ஸ்கான் படங்களைச் சில இடங்களுக்கு அனுப்பினோம்.

ஓரிடத்திலிருந்து அன்றைக்கே வட்ஸ்அப்பில் பதில் வந்தது. ஒப்பரேசனே தேவையில்லையாம், ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் கசியிழையம் தானே முளைக்குமாம், மூன்று மாதத்தில் மைதானமாம். விலையும் அதோடு ஒரு "பக்கேஜ்" படமும் வந்தன. சேதத்தின் அளவை ஒருவரும் கேட்கவில்லை. தம்பிக்கு ஆசை வந்துவிட்டது, கத்தியில்லாமல் சுகம் என்றால் யாருக்குத்தான் வராது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டியைத் தேடி எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். குருதி நோய்கள் போன்ற சிலவற்றுக்கு மச்சை மாற்றுவதைத் தவிர, பதிவுசெய்த ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை வைத்தியமாக விற்பதை அது ஏற்கவில்லை. மூட்டுநோவில் தவிக்கிறவனிடம் இப்படி ஆசைகாட்டிக் காசு வாங்குவது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம்.

இன்னோர் இடத்திலிருந்து பதில் வர ஒரு கிழமை ஆனது. வந்தது விலை அல்ல, கேள்விகள். நிறை எவ்வளவு, புகைப்பாரா, நிற்கும்போது கால் வில்லாக வளைகிறதா, மற்றக் கால் எப்படி? கடைசியாக: "யாழ்ப்பாணத்தில் இவருக்குப் பிசியோதெரபி யார் கொடுப்பார்? அவருடைய தொலைபேசி எண்ணை அனுப்புங்கள்." அந்த டொக்டரிடமே போவதென்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

விசாவில்தான் முதல் சிக்கல். இணையத்தில் எடுக்கும் இந்திய மருத்துவ விசா போய் இறங்கிய நாளிலிருந்து 60 நாள்தான் செல்லும். எங்கள் வைத்தியமோ இரண்டு கட்டம். துணுக்கு எடுக்க ஒருமுறை, கலங்கள் பெருக நாலு முதல் ஆறு கிழமை, பிறகு வைக்க ஒருமுறை, அதற்குப் பின் தையல் வெட்டும்வரை தங்கல். இடையில் ஏதாவது பிசகினால் 60 நாள் முடிந்துவிடும். ஆகவே ஆஸ்பத்திரியின் கடிதத்தை வைத்து, நீண்ட காலத்துக்கான சாதாரண மருத்துவ விசாவுக்கு விண்ணப்பித்தோம். எனக்கு உதவியாளர் விசா. நோயாளியோடு இரண்டு இரத்த உறவினர் வரை போகலாம். சென்னையில் தங்குமிடம் எடுக்கும்போது வெளிநாட்டவருக்கான சி படிவத்தை விடுதிக்காரர் நிரப்பிப் பதிய வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பயந்து சிலர் இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டதும் "ரூம் இல்லை" என்றார்கள். முதலே போன் எடுத்து "வெளிநாட்டவரைப் பதிவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சென்னை டொக்டர் முதல் நாளே தம்பியை நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக எக்ஸ்ரே எடுப்பித்தார். கால் வளைந்திருந்தால் பாரம் முழுவதும் அந்த உட்பக்கத்திலேயே விழுமாம். அப்படியானால் எலும்பை வெட்டி நேராக்காமல் கசியிழையத்தை மட்டும் திருத்துவது வீண். நல்லவேளை, கால் நேர். முதுகில் மரப்பூசி போட்டு, முழங்காலில் இரண்டு சிறு துளை வழியாகக் கமராவை விட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் என்னை அழைத்துக் கணினியில் அந்தப் படத்தை ஓடவிட்டார்.

"பாருங்கம்மா, இது நல்லா இருக்கற இடம்."

திரையில் தெரிந்தது இளநீர் வழுக்கை போல வெண்மையாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல். மெல்லிய கம்பியால் அழுத்தினார், அது கொஞ்சம் அமுங்கி உடனே நிமிர்ந்தது. கமரா இன்னும் சற்று நகர்ந்தது. வெண்மை சட்டென்று அறுந்து, ஓரம் பிய்ந்து, நார் நாராகப் பாய்மத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் மஞ்சளாய்த் தெரிந்தது எலும்பு. கம்பியை ஓரத்தின் கீழ் விட்டார். ஒட்டியிருப்பதுபோல் தெரிந்த பகுதியும் கிளம்பி வந்தது. ஸ்கானில் மூன்று, இங்கே அளந்தபோது நாலு சதுர சென்ரிமீற்றர். பெரியாஸ்பத்திரி டொக்டர் சொன்னது சரிதான். இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்த இழையத்தை உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான். கண் கலங்கியதை டொக்டர் கவனித்திருக்கவேண்டும், கணினியை மூடிவிட்டு, "சரி பண்ணிடலாம்மா, ஆனா பொறுமை வேணும்" என்றார்.

பாரம் விழாத ஓரத்திலிருந்து எடுத்த துணுக்குகள் முழுவதும் சேர்த்து ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கும் வராது. எயிட்ஸ், ஈரல் அழற்சிக்கான குருதிச் சோதனைகள் முடிந்து, குளிர்ப்பெட்டியில் ஆய்வகத்துக்குப் போயின. நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அந்தக் கிழமைகளில்தான் எனக்குப் பயம் பிடித்தது. மாரி தொடங்கிவிட்டது, யாழ்ப்பாணத்தில் டெங்குக் காலம். பெருகிய கலங்கள் சென்னைக்கு வந்தால் காத்திருக்காது, குறித்த நாளில் உள்ளே போயாகவேண்டும். அன்றைக்கு இவனுக்குக் காய்ச்சலென்றால்? அம்மா வீட்டைச் சுற்றியிருந்த சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தார், பகலிலும் நுளம்புவலை கட்டினார். இப்படியான தேதிச் சிக்கலை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. ஆய்வகச் செலவு ஒப்பரேசன் செலவை மிஞ்சியது, அதைத் திரும்பக் கட்டும் நிலையில் நாங்கள் இல்லை.

இரண்டாவது ஒப்பரேசன் சுகமாக முடிந்தது. சேதமான ஓரங்களை நல்ல இழையம் வரும்வரை செதுக்கி நேராக்கி, கலங்களைப் பைபிரின் என்ற புரதக் கூழோடு கலந்து குழியில் நிரப்பி, அது இறுகும்வரை சில நிமிடம் பொறுத்து மூடினார்கள். அன்றைக்கே காலை மெதுவாக மடக்கி நீட்டும் இயந்திரத்தில் வைத்தார்கள். கசியிழையத்துக்குப் போசணை பாய்மத்திலிருந்து வருவதென்றால் மூட்டு அசைந்தால்தான் அது உள்ளே போகும். ஆனால் நிற்கக்கூடாது, ஆறு கிழமை அந்தக் காலில் பாரமே கொடுக்கக்கூடாது. தையல் வெட்டி, காலில் குருதி உறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பறக்க விட்டார் டொக்டர். விமானத்துக்கு உகந்தவர் என்ற கடிதமும், உறைவைத் தடுக்கும் மருந்தும் தந்தார். பலாலிக்குப் பறப்பது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம். பின்கதவில் ஒடுக்கமான படிகள் சில, அவ்வளவுதான். காலை நீட்டிப் பூட்டிய பட்டையோடு ஒருவரை அதில் ஏற்ற முதலே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தோம், இரண்டு ஊழியர்கள் கதிரையோடு தூக்கினார்கள்.

உண்மையான வைத்தியம் இதற்குப் பிறகுதான்.

அப்பா ஒப்பரேசனுக்கு முன்னமே மேசன் ஒருவரைப் பிடித்துக் கொமட் வைப்பித்திருந்தார். குந்துகிற மலசலகூடத்தோடு இந்த வைத்தியத்தைத் தொடங்கவே முடியாது. காலை அசைக்கும் இயந்திரம் எங்களுக்கு இங்கே கிடைக்கவில்லை. அதற்குப் பதில் போர்மைக்கா ஒட்டிய பலகையைக் கட்டிலில் வைத்து, மேலே பவுடர் தூவி, குதிக்காலில் துணி சுற்றி, முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னார் எங்கள் பிசியோ மிஸ். காலையில் இழுப்பான், மத்தியானம் இழுப்பான், கிரிக்கெட் பார்த்துக்கொண்டும் இழுப்பான்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். வயது என் தம்பியைவிடக் கூட இராது. நாங்கள் வந்து இறங்கியதும் அவர் கேட்டது மருந்துத் துண்டை அல்ல, ஒப்பரேசன் குறிப்பை. "எந்த இடத்தில வைச்சவை எண்டு தெரியாமல் நான் தொடமாட்டன், அக்கா" என்றார். சேதம் தொடையெலும்புக் குமிழில் என்றால் ஒரு ஒழுங்கு: மடக்கலாம், ஊன்றக்கூடாது. சில்லெலும்பின் பின்பக்கம் என்றால் வேறு ஒழுங்கு: காலை நேராகப் பூட்டிக்கொண்டு ஓரளவு ஊன்றலாம், ஆனால் மடக்குவதில் கவனம். இடம் தெரியாமல் பயிற்சி கொடுத்தால் வைத்த கலங்களைத் தேய்த்தெடுத்துவிடுவோம் என்றார். சென்னை டொக்டரோடு வீடியோவில் பேசி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கொப்பியில் எழுதினார். கிழமைக்கொருமுறை தையற்கார அளவுநாடாவால் இரண்டு தொடையையும் அளப்பார். இடது தொடை மூன்று சென்ரிமீற்றர் மெலிந்து கிடந்தது. அந்த மூன்றைத் திரும்பப் பிடிக்க வருடத்தின் பெரும்பகுதி போனது.

நாலாம் மாதம்தான் சண்டை. ஊன்றுகோல் போய்விட்டது, நோ இல்லை, நடை பழையபடி. தம்பி பந்துச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

"நோகேல்லைத்தானே மிஸ், மெல்லமா ஓடிப் பாக்கட்டே?"

"நோகாட்டில் சுகம் எண்டு ஆர் சொன்னது? அதுக்குள்ள நரம்பே இல்லையே. உங்கட அக்காட்டைக் கேளுங்கோ, அவதானே படிப்பிக்கிறா."

நான் படிப்பித்த வசனம்தான். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. புதிய இழையம் முதல் மாதங்களில் மென்மையாகவே இருக்கும், பாரத்தைத் தாங்கும் உறுதி வர ஒரு வருடமும் அதற்கு மேலும் ஆகும். அதற்கிடையில் அது நசிந்தாலும் எச்சரிக்க அங்கே நரம்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தான். ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கானில் குழி நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகும் அரை வருடம் கழித்தே பந்தைத் தொட்டான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடுகிறான். கழகப் போட்டிகளுக்குத் திரும்பவில்லை, அது அவன் எடுத்த முடிவு. படி இறங்கும்போது முகம் சுருங்குவதில்லை.

சென்னை ஆஸ்பத்திரி வாசலில் பழகிய மட்டக்களப்பு அக்கா ஒருவரை நினைக்காமல் இதை எழுதமுடியாது. அறுபது கடந்த தாயாரைக் கூட்டி வந்திருந்தார். முகவர் ஒருவர் "கசியிழையம் திருத்தலாம்" என்று சொல்லி முற்பணமும் வாங்கியிருந்தார். டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டு முழுவதும் தேய்ந்திருக்கிறது, இதற்குக் கல வைத்தியம் பொருந்தாது, ஒன்றில் பயிற்சியும் மருந்தும், இல்லாவிட்டால் மூட்டு மாற்றம், அதை உங்கள் ஊரிலேயே செய்யலாம் என்றார். அந்த முற்பணம் அடைவு வைத்த நகையின் காசு. ஓரிடத்தில் மட்டும் உடைந்த இளம் மூட்டுக்கான வைத்தியத்தை, எங்கும் தேய்ந்த முதிய மூட்டுக்கு விற்கிறார்கள். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே ஒன்றை ஊரில் எலும்பு டொக்டரிடம் முதலே காட்டியிருந்தால் அந்தப் பயணமே இல்லை.

இந்த ஒப்பரேசனுக்காகக் கடல் கடந்து போக நினைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். டிக்கெட் எடுக்குமுன் உங்கள் ஊர்ப் பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் உங்களோடு நிற்க அவருக்கு முடியுமா என்று கேளுங்கள், அவரையும் அறுவைச் சிகிச்சை செய்பவரையும் பேசவையுங்கள். அவர்கள் பேச மறுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். திரும்பும்போது ஒப்பரேசன் குறிப்பு, உள்ளே எடுத்த படங்கள், ஆய்வகத்தின் கலச் சான்றிதழ், கிழமைவாரியான பயிற்சி ஒழுங்கு ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போடவேண்டாம்.